ஷெட்டை விட்டு நகராத கார்

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கிர்ர், கிர்ர் என்று அதே பாட்டு. எஞ்சின் பிடிப்பதுபோல் ஒரு பாவனைகூடக் காட்டவில்லை. சிஸ்டர் சாவியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை," என்றான் தம்பி.

"காலையிலேர்ந்து இன்னொரு தடவைதான் நடக்குது."

"ஆக்சிலரேட்டரை நல்லா நாலு தடவை அமுக்கு. அப்புறம் திருப்பு. பெட்ரோல் போய்ச் சேரலை, அவ்வளவுதான். மூணு வாரமா சும்மா நின்னிருக்கு இல்ல?"

"பெட்ரோல் நாத்தம் குடலைப் புரட்டுது. நீ போய்ச் சேரலைங்கறே."

"அது இந்த வண்டியோட வாசனை அக்கா. உனக்குப் புரியாது. அமுக்கு."

ஷெட்டுக்கு முன்னால் இருந்த சின்ன முற்றத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் அவன். தொடைவரை மாவுக்கட்டுப் போட்ட வலது கால், பீரங்கி மாதிரி நேராக நீண்டு காரைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது. உத்தியோகக் காலம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பல மாடிக் கட்டடங்களின் குழிக்குள் இரும்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலை செய்தவன். ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கையில், சமையலறை ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றப்போய் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று மாலைதான் வந்தான். வாசலில் இறக்கிவிட்டதும் அக்காவை எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

சிஸ்டர் நாலு தடவை அமுக்கிவிட்டுத் திருப்பினார். கிர்ர், கிர்ர்.

அவரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு என்பது காகிதத்தில்தான். அதன்பிறகு வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டார். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, குழாய் மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக, வீட்டுக்காரர்களுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது. நல்ல கைராசி, கெட்ட வாய் என்று தெருவில் பேர். இரண்டையும் அவர் மறுத்ததில்லை.

முழங்கால்தான் மறுத்தது. நோயாளிகள் எல்லாரும் ஏனோ மாடியில்தான் இருந்தார்கள். லிஃப்ட் இருந்தால் அது ஓடாது. லிஃப்ட்காரன் அக்காவுக்கே இந்தக் கதி என்று ஒவ்வொரு படியிலும் தம்பியைத் திட்டிக்கொண்டே ஏறுவார். கடைசியாக எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, "சிஸ்டர், இனிமே படி ஏறினீங்கன்னா, உங்களைப் பார்த்துக்க ஒருத்தர் படி ஏற வேண்டியிருக்கும்," என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஷெட் ஞாபகம் வந்தது. பெற்றோர் விட்டுப்போன வீட்டில் மேல்தளம் சிஸ்டருடையது, கீழ்த்தளமும் அதை ஒட்டிய ஷெட்டும் தம்பியுடையது. நீளமான, காற்றோட்டமான ஷெட். தெருவிலிருந்து ஒரு படிகூடக் கிடையாது. மூன்று கட்டில் தாராளமாகப் போடலாம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மாலையில் கூட்டிக்கொண்டு போகட்டும். ராத்திரி படுக்கப்போக ஒருமுறை தவிர சிஸ்டர் படி ஏறவேண்டாம், படிகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இறங்கி வரட்டும். மூன்று குடும்பங்கள் கையோடு ஒத்துக்கொண்டன. திங்கட்கிழமை காலை ஆரம்பம். ஒரு வீட்டில் இருந்த பணிப்பெண்ணை நிறுத்தியே விட்டார்கள். திங்கட்கிழமை ஷெட் தயாராக இல்லையென்றால், அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். சிஸ்டரை நம்பி இனி ஒருவரும் வரமாட்டார்கள். வேலை முடிந்தது என்று மாடியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கவேண்டியதுதான்.

ஷெட்டில் நின்றதோ இந்தக் கார்.

தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை, கார் வந்தது. அவன் வேலையில் இருந்தபோது எங்கோ ஏலத்தில் பிடித்தது. தரையோடு தரையாகப் படுத்த, இரண்டே கதவு வைத்த கார். எல்லா எஞ்சினிலும் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். இதில் பிஸ்டனே கிடையாது. மூன்று மூலை வைத்த ஒரு கனத்த இரும்புத் துண்டு, இடுப்பு சிறுத்த முட்டைபோன்ற ஒரு கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ரோட்டரி எஞ்சின் என்று பெயர். அதைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் விருந்தாளிகள் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். ஊரில் இந்த மாதிரி வண்டி இன்னொன்று கிடையாது. அது பெருமை என்று அவன் நினைத்தான். அதனால்தான் உதிரிபாகமும் கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது என்று சிஸ்டர் நினைத்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் ஒப்பந்தம் பேசினார்கள். ஊரின் மறுகோடியில் மரக்கடை வைத்திருக்கும் நண்பர் தன் கிடங்கில் காருக்கு இடம் தருவார். அதுவரைக்கும் சரி. ஆனால் தம்பி ஒரு நிபந்தனை வைத்தான். கார் தன் சக்கரத்தில், தன் எஞ்சினில் போகவேண்டும். ஒருமுறை இழுவை லாரிக்காரன் சங்கிலி மாட்டி இழுத்ததில் முன்பக்கத்துத் தகடு கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து சங்கிலி என்ற சொல்லையே வீட்டில் சொல்லக்கூடாது.

"நான் வர்ற வரைக்கும் ஓட்டாதே," என்றும் சொல்லியிருந்தான். சிஸ்டர் ஓட்டவில்லை.

இப்போது ஓட்டச் சொல்கிறான், அது ஓடவில்லை.

தம்பியின் அடுத்த யோசனை பெட்ரோல் வடிகட்டி. அது அடைத்திருக்கும் என்றான். சிஸ்டர் பழைய பாயைப் போட்டுக் கீழே படுத்து, குழாயைக் கழற்றி, முகத்தில் பெட்ரோல் சொட்ட, வடிகட்டியை எடுத்து ஊதிக் காட்டினார். காற்று தாராளமாகப் போனது.

"அப்போ பம்ப்," என்றான்.

"பம்ப் ஓடுற சத்தம் எனக்கே கேக்குது."

"சத்தம் கேட்டா போதுமா? பெட்ரோல் வரணும் இல்ல?"

"முகத்துல வந்துச்சே, அது என்ன, பன்னீரா?"

அவன் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு காரையே பார்த்தான். உள்ளுக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது என்று சிஸ்டருக்குத் தெரியும். லிஃப்ட் நின்றாலும் இப்படித்தான். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வருவான். நடுவில் யாராவது குறுக்கே பேசினால் மறுபடியும் மேலே போய்விடுவான்.

"சோக்கை முழுசா இழுத்து பெட்ரோலைக் கூட்டிட்டு, ஆக்சிலரேட்டரை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பு."

திருப்பினார். ஸ்டார்ட்டர் முன்பைவிடச் சோம்பலாகச் சுற்றியது. பேட்டரியும் களைத்துக்கொண்டிருந்தது.

கடைத்தெரு மெக்கானிக்குக்கு சிஸ்டரே போன் போட்டார். அவருடைய அப்பாவுக்குக் கடைசி மாதங்களில் பணிவிடை செய்தவர் என்ற உரிமையில். அந்த ஆள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "சிஸ்டர், நீங்க எந்த வண்டிக்குக் கூப்பிட்டாலும் சோத்துக் கையோட ஓடி வருவேன். அந்த வண்டிக்கு மட்டும் கூப்பிடாதீங்க. போன தடவை அதைத் தொட்டப்ப, உங்க தம்பி எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்."

"அவன் கால் உடைஞ்சு கிடக்கான்."

"வாய் நல்லாத்தானே இருக்கு?"

சிஸ்டர் போனை வைத்தார்.

வெயில் ஏறிவிட்டது. மூன்று கட்டிலும் மாடிப்படி அடியில் பிரித்துச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. மெத்தைகள் பாலித்தீன் உறையோடு காத்திருந்தன. ஷெட்டுக்குள் இளம்பச்சை வண்ணம் புதுசாக மின்னியது. கை கழுவும் தொட்டி பொருத்தியாகிவிட்டது. சுவரோரம் பிடித்து நடக்க நீளமாகக் கம்பி போட்டாகிவிட்டது. நடுவில் இந்த இரும்புப் பிணம். முற்றத்திலேயே விட்டால் நோயாளிகள் உள்ளே வர வழி இருக்காது. தள்ளித் தெருவில் விட்டுவிடலாம் என்றால், தெரு அத்தனை ஒடுக்கம். எதிர்வீட்டு வாசல் அடைபட்டுவிடும்.

"என்னைக் கேக்காமயே பச்சை அடிச்சுட்டே," என்றான் தம்பி, நேற்றிலிருந்து எத்தனையாவது முறையாகவோ. "வண்டி மேல ஒரு பொட்டு பெயிண்ட் விழலைன்னா சொல்றே?"

"விழலைன்னு தேடிப் பார்த்துட்டுத்தானே உக்காந்திருக்கே."

"அதான் ஆச்சரியமா இருக்கு."

"ஆச்சரியப்பட்டது போதும். இப்போ என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"கொஞ்சம் யோசிக்க விடு."

"நாளைக்குக் காலையில வருவாங்க. அதுக்குள்ள யோசிச்சு முடி."

அவனுக்கு மூக்கு நுனியில் கோபம். "நான் என்ன வேணும்னா செய்றேன்? இந்த வண்டி என்னைக்கும் என்னை ஏமாத்தினதில்லை. ஒழுங்கா யோசிச்சா பிடிபடும். நீ ஒண்ணும் ஓட்டலையே?"

"ஓட்டலை."

"தெரு முனை வரைக்கும்கூட?"

"தெருவுலயே இறக்கலைடா. எத்தனை தடவை கேப்பே?"

அந்த நேரத்தில் சிஸ்டரின் போன் அடித்தது. பேக்கரிக்காரரின் மனைவி. அவளுடைய மாமியார் திங்கட்கிழமை வரப்போகிற மூவரில் ஒருவர், சர்க்கரை வியாதிக்காரி.

"சிஸ்டர், அத்தைக்குக் காலையில சர்க்கரை எக்கச்சக்கமா காட்டுது. ஆனா அவங்க ஒண்ணுமே சாப்பிடலை. பட்டினியாத்தான் இருக்காங்க. மாத்திரையை மாத்தணுமா?"

"மாத்திரை இருக்கட்டும். சாப்பிடலை, சரி. வாய்க்குள்ள என்னென்ன போச்சு?"

"ஒண்ணும் இல்லை சிஸ்டர். டீ மட்டும் குடிச்சாங்க."

"எத்தனை டீ?"

"ரெண்டு. மூணாவதுல பாதி."

"டீயைத் தொட்டுக்கிட்டு?"

"பன்."

"பன் சாப்பாட்டுல சேராதா?"

"அது டீயோட போறது தானே சிஸ்டர். சாப்பாடுன்னு உக்காந்து ஒண்ணும் சாப்பிடலை."

"நீ பொய் சொல்லலைம்மா. உன் மேல தப்பில்லை. மத்தியானம் மறுபடி சோதிச்சுப் பார்த்துட்டு என்கிட்ட சொல்லு. பன்னை எடுத்துப் பூட்டி வை." போனை வைத்தார்.

வார்டில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு சிஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். என்ன சாப்பிட்டார் என்று கேட்காதே. வாய்க்குள் என்ன போனது என்று கேள். தூங்கினாரா என்று கேட்காதே. கண்ணை மூடினது எப்போது, திறந்தது எப்போது என்று கேள். யாரும் பொய் சொல்வதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார்கள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு சிஸ்டர் நின்றார். பச்சைச் சுவரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"டேய். ஓட்டினியான்னு கேட்டே இல்ல?"

"கேட்டேன். இல்லைன்னே."

"ஓட்டலை. வெளிய எடுத்து வெச்சேன்."

"எங்க வெளிய?"

"இதோ, நீ உக்காந்திருக்கியே, அங்க. பெயிண்டர் வர்றதுக்கு முன்னாடி காலையில வெளிய. அவர் போனப்புறம் சாயங்காலம் உள்ள. போன வாரம் பூரா. இல்லைன்னா உன் வண்டி மேல பெயிண்ட் விழாதா?"

தம்பி மெதுவாகக் கேட்டான். "தள்ளித்தானே?"

"என் முழங்காலை வெச்சுக்கிட்டு நான் எதைத் தள்றது? ஸ்டார்ட் பண்ணித்தான்."

"ஸ்டார்ட் பண்ணி, பத்தடி எடுத்துட்டு..."

"ஆஃப் பண்ணிட்டேன். பின்ன? சும்மா ஓடவிட்டு உன் பெட்ரோலைக் கரைக்கச் சொல்றியா?"

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கு வழியாகக் குரல் வந்தது. "குடியைக் கெடுத்தியே அக்கா. இந்த வண்டிக்கு எதைச் செய்யவே கூடாதோ, அதைத் தேடிப் பிடிச்சுச் செஞ்சிருக்கே. அதுவும் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மருந்து மாதிரி வேளை தவறாம."

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"ரோட்டரியைக் குளிர்ந்தபடியே ஸ்டார்ட் பண்ணி உடனே நிறுத்தவே கூடாது. சூடாகிற வரைக்கும் ஓடியே ஆகணும். நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன்."

"நீ ஆயிரம் தடவை ஆயிரம் விஷயம் சொல்லியிருக்கே. அதுல இது எதுன்னு நான் பொறுக்கி எடுக்கணுமா?"

அவன் கோபத்தில் விளக்கினாலும் விளக்கம் புரிந்தது. அந்த மூன்று மூலைத் துண்டின் ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய பட்டை ஒன்று இருக்கிறது. அது கூட்டின் சுவரை உரசிக்கொண்டே சுற்றும். நடுவில் இருக்கிற எண்ணெய்ப் படலம்தான் காற்று கசியாமல் அடைப்பது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் நிறையக் குடிக்கும். சூடாகும் முன் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் உள்ளேயே தேங்கும். தேங்கிய பெட்ரோல் எண்ணெயைக் கழுவிவிடும், பிளக்கை நனைத்துவிடும். அப்புறம் அழுத்தமும் கிடையாது, பொறியும் கிடையாது.

சிஸ்டருக்கு முதல் நாட்களில் சட்டென்று பிடித்த வண்டி, வாரக் கடைசியில் இழுத்து இழுத்துப் பிடித்தது நினைவுக்கு வந்தது. வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தார். நோயாளி விஷயத்தில் அப்படி விட்டிருப்பாரா? அதை நினைத்ததும் அவருக்கும் கோபம் வந்தது. வந்த கோபத்தை இறக்கிவைக்க ஆள் எதிரிலேயே இருந்தான்.

"சரி, நான் ஒரு வாரம் ஊத்தினேன். காலையிலேர்ந்து பெட்ரோல் நாத்தம், பெட்ரோல் நாத்தம்னு தலைபாடா அடிச்சுக்கிறேன். நீ என்ன சொன்னே? போய்ச் சேரலை, அமுக்கு. சோக்கை இழு. இன்னும் அமுக்கு. தொண்டையில சோறு சிக்கினவனுக்கு, சாப்பிடலையேன்னு மேல மேல ஊட்டின மாதிரி. என் வாரத்தை விட உன் காலை நேரம்தான் அதிகம் ஊத்தியிருக்கு."

தம்பி வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். அவனுடைய வாழ்நாளில் இது அபூர்வம்.

"இப்போ எப்படி எடுக்கிறது?" என்றார் சிஸ்டர்.

"எடுக்கலாம்." குரல் தணிந்திருந்தது. "முதல்ல பம்ப்போட ஃபியூஸைப் புடுங்கு. உள்ள புதுசா ஒரு சொட்டு போகக்கூடாது."

அது சிஸ்டருக்குப் பிடித்த பேச்சு. வாய்வழி ஒன்றும் கொடுக்காதே. முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடு. மாடிப்படி அடியில் கட்டில்களோடு வைத்திருந்த தன் பையை எடுத்துவந்தார். எஞ்சினின் பக்கவாட்டில் நாலு பிளக், கீழே இரண்டு, மேலே இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி. கம்பியைக் கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்டர் சுற்றி, பேனாவால் முன் கீழ், முன் மேல், பின் கீழ், பின் மேல் என்று எழுதினார்.

"மாறிச்சுன்னா வெடிக்கும்," என்றான் தம்பி.

"வயித்துலேர்ந்து ஆறு குழாய் வர்ற ஆளையெல்லாம் பார்த்தவ நான். உன் நாலு கம்பி என்னை மிரட்டாது. பானையை எங்க வைக்கிறது?"

"பானையா?"

"வர்றதைப் பிடிக்க."

"அது தூவானமா வரும் அக்கா. பிடிக்க முடியாது. கிட்ட யாரும் பீடி பத்த வைக்காம பார்த்துக்க."

பிளக்குகள் சொட்டச் சொட்ட நனைந்து வந்தன. புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியில் துடைத்தார். துணி கறுத்தது. "கேஸ் அடுப்புல ஒரு வாட்டு வாட்டினா சீக்கிரம் காயும்," என்றான் தம்பி. சிஸ்டர் நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தார். வார்டில் அந்தப் பார்வைக்கு டாக்டர்களே மருந்துச் சீட்டைத் திருப்பி வாங்கி அடித்து எழுதியிருக்கிறார்கள். "வெயில்ல வை," என்றான் தம்பி.

பிளக் இல்லாத எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றவைத்தபோது நாலு ஓட்டையிலிருந்தும் புஸ் புஸ்ஸென்று பெட்ரோல் ஆவி பீறிட்டு வந்தது. ஷெட் முழுக்கக் கண் எரிந்தது. கதவெல்லாம் திறந்தே இருந்தும் இருமினார்கள். நிறுத்தி, காத்திருந்து, மறுபடியும் சுற்றினார். வரவர ஈரம் குறைந்து வெறும் காற்று வந்தது. காற்று வருகிறதே என்று தம்பி முகம் மலர்கையில், பேட்டரி டொக்கென்று ஒரு சத்தம் போட்டுப் படுத்துவிட்டது.

சிஸ்டர் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். வாயில் வந்த வார்த்தையை அச்சில் ஏற்ற முடியாது.

அப்படி அவர் உட்கார்ந்திருக்கையில்தான் பெயிண்டர் தன் வேனில் வந்து இறங்கினார். விட்டுப்போன ஏணியை எடுத்துக்கொண்டு போக வந்தவர். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "என்ன சிஸ்டர், இன்னிக்கு இன்னும் வெளிய எடுக்கலையா?" என்று கேட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்தக் கேள்வியை நேத்தே வந்து கேட்டிருக்கக்கூடாதா நீங்க?" என்றார் சிஸ்டர். "வேனைத் திருப்பி இந்தப் பக்கம் கொண்டாங்க. உங்க பேட்டரி வேணும்."

வேன் பின்னால் வந்து நின்றது. தடித்த ஒயர்களால் பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு இணைப்புக் கொடுத்தார்கள். இதற்குள் பிளக்குகள் காய்ந்துவிட்டன. அவற்றை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விடவேண்டும். கழுவிப்போன படலம் திரும்ப வரவேண்டும். புனல் தேடினான் தம்பி. சிஸ்டர் பையிலிருந்து பெரிய சிரிஞ்சை எடுத்து, ஊசி இல்லாமல் மெல்லிய குழாய் மாட்டி, எண்ணெயை உறிஞ்சி, மூக்கு வழியாகக் கஞ்சி ஊட்டுகிற நிதானத்தில் அளந்து அளந்து விட்டார். அந்த ஒரு காரியத்தில் தம்பி குறை ஏதும் சொல்லவில்லை. பிளக்குகளை முறுக்கி, பிளாஸ்டர் எழுத்தைப் பார்த்துக் கம்பிகளை மாட்டி, ஃபியூஸைத் திரும்பச் சொருகினார்.

"இப்போ ஆக்சிலரேட்டரை..." என்று ஆரம்பித்தான்.

"அமுக்கவா?"

"லேசா. லேசா வெச்சுக்க. நான் சொல்றப்ப மட்டும்."

சாவி திரும்பியது. வேனின் தெம்பில் ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றியது. ஒன்றுமில்லை. இன்னும் சுற்றியது. எங்கோ ஒரு மூலையில் ஒரு பொட்டு பற்றி அணைந்தது. "விடாதே," என்றான் தம்பி. "விடாதே, விடாதே." இன்னொன்று பற்றியது. ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு வண்டி குலுங்கியது. பிறகு டப டபவென்று அடித்து, இன்னொரு பக்கமும் பிடித்துக்கொண்டது.

கூடவே புகை வந்தது. சாதாரணப் புகை இல்லை. விட்ட எண்ணெயும் தேங்கிய பெட்ரோலும் சேர்ந்து வெள்ளையும் நீலமுமாக ஷெட்டை நிரப்பி, வாசலைத் தாண்டி, தெருவை மூடியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. யாரோ, "தீயணைப்புக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டது காதில் விழுந்தது. புகைக்குள்ளிருந்து பெயிண்டரின் குரல், "என் பச்சை, என் பச்சை," என்று புலம்பியது.

"நிறுத்தாதே," என்று தம்பி கத்தினான். "இப்ப நிறுத்தினா மறுபடியும் முதல்லேர்ந்து. எடுத்துட்டுப் போ. நேரா மரக்கடைக்கு."

"நீ வர வேண்டாமா?"

இருவரும் அவனுடைய காலைப் பார்த்தார்கள். மடங்காத அந்தக் காலைக் கொண்டு, படுத்துக்கொண்டு நுழையவேண்டிய அந்தக் காருக்குள் அவனால் எந்தத் திசையிலிருந்தும் ஏற முடியாது. தன் வண்டிக்குள் தனக்கே இடமில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் போன போக்கைப் பார்த்து சிஸ்டருக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. நேரமில்லை.

"பெயிண்டர், இவனை உங்க வேன்ல பின்னாடி படுக்க வெச்சுக் கொண்டாங்க. காலுக்கு அடியில ஏதாவது முட்டுக் குடுங்க," என்றார். பெயிண்டர் ஒயர்களைக் கழற்றி, வேனைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டதும் சிஸ்டர் கிளட்சை விட்டார்.

முன்பு நடமாடும் மருத்துவ வேனை ஓட்டியவர்தான். ஆனால் அது எருமை. இது வேறு ஜாதி. தரையில் உட்கார்ந்து போவதுபோல் இருந்தது. முதல் திருப்பம்வரை இருமிக்கொண்டே வந்த எஞ்சின், பெரிய சாலை வந்ததும் தொண்டை சரியாகி, நல்ல தையல் மிஷின்போல் ஓட ஆரம்பித்தது. மிதித்தால் தயக்கமின்றி எழும்பியது. இத்தனை காலம் இதைத்தான் பேசிப் பேசி ஆட்களை விரட்டினானா என்று சிஸ்டர் நினைத்தார். நினைத்ததை அவனிடம் சொல்லக்கூடாது என்றும் முடிவு செய்தார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வேன். அதன் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்க, பெயிண்ட் டின்களுக்கு நடுவிலிருந்து மாவுக்கட்டு ஒன்று வெளியே நீண்டிருந்தது.

மரக்கடைக்காரர் கிடங்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். சிஸ்டர் உள்ளே ஓட்டி நிறுத்தி, ஆனால் எஞ்சினை அணைக்காமல், வெப்பம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஃப் பண்ணுங்க சிஸ்டர், மரத்தூளெல்லாம் பறக்குது," என்றார் மரக்கடைக்காரர்.

"முள்ளு நடுவுக்கு வரட்டும்."

முள் நடுவுக்கு வந்து நின்றது. அணைத்தார். வேனிலிருந்து குரல் வந்தது. "ஒரு தடவை முடுக்கி விட்டுட்டு அப்புறம் நிறுத்தணும் அக்கா."

"இறங்கி வந்து நீயே முடுக்கு."

அவன் இறங்க முடியாதவனாகப் படுத்தபடியே காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மரக்கடைக்காரரிடம், "வாரத்துக்கு ஒரு தடவை நல்லா ஓட்டிச் சூடு பண்ணி வைக்கணும், பார்த்துக்குவீங்களா?" என்று கேட்டான்.

"இடம் தர்றேன்னுதான் சொன்னேன்," என்றார் மரக்கடைக்காரர். "தொடுறேன்னு சொல்லலை. மெக்கானிக் என்கிட்டயும் சொல்லியிருக்காரு."

பெயிண்டர் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று ஆண்களும் அப்புறம் சிஸ்டரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க?"

"எனக்குக் கட்டுப் பிரிக்கவே ரெண்டு மாசம் ஆகும்," என்றான் தம்பி. "அப்புறம் கால் வசத்துக்கு வரணும். அதுவரைக்கும் இது சும்மா நின்னா..."

"நின்னா?"

"இன்னிக்கு மாதிரி ஆகும். அப்ப மறுபடியும் நம்ம ஷெட்டுல வெச்சுத்தான் பார்க்கணும். இங்க பெட்ரோலும் மரத்தூளும் சேர்ந்தா ஆகுமா?"

அவன் மிரட்டவில்லை. அவனுக்கு மிரட்டத் தெரியாது. நடக்கப்போவதைச் சொன்னான், அவ்வளவுதான். அதுதான் சிஸ்டருக்கு எரிச்சல். மூன்று கட்டில் போடத்தான் இத்தனை பாடு. மூன்று பேரோடு நாலாவதாக இந்த இரும்பையும் கவனிக்கவேண்டுமாம். அதுவும் இதற்குப் புரட்டிப் படுக்கவைக்கிற வேலைகூட இல்லை, ஊர் சுற்றிக் காட்டவேண்டும்.

"ஞாயித்துக்கிழமை காலையில," என்றார். "பெரிய ரோட்டுல ஒரு சுத்து. பெட்ரோல் உன்னுது. கூட யாரும் போன்ல பேசக்கூடாது."

"நான் எதுக்குப் பேசப்போறேன்?"

"அப்புறம், நீயும் சும்மா உக்காந்திருக்கப்போறதில்லை. நாளையிலேர்ந்து பகல் பூரா ஷெட்டு வாசல்ல அந்த நாற்காலியில இருப்பே. எனக்கு உள்ள கைவேலை இருக்கிறப்ப, யாரும் எழுந்து தெருவுக்குப் போயிடாம பார்த்துக்கணும். அவங்க பேச ஆள் தேடுவாங்க. பேசணும்."

"என்ன பேசறது அவங்ககிட்ட?"

"உனக்குத் தெரிஞ்சதைப் பேசு. அவங்களால எழுந்து போகவும் முடியாது."

தம்பி அதை யோசித்துப் பார்த்தான். அவன் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு தெளிவு வந்தது. சிஸ்டருக்கு அந்த மூன்று பேரை நினைத்துச் சற்றே பாவமாக இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வேனின் முன்சீட்டில் ஏறி, பெயிண்டரை வண்டியை எடுக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் ஷெட் தரையில் சிந்திய எண்ணெயைச் சோப்புப் போட்டுத் தேய்க்கவேண்டும். கட்டில்களைப் பொருத்தவேண்டும். பெயிண்டருக்கு ஒரு கட்டிலின் மறுமுனையைப் பிடிக்கிற வேலை இருக்கிறது என்று அவருக்கே இன்னும் தெரியாது.